வலது பக்கம் நீ எழுதியது

நேற்றுச் சாயங்காலம் பரணிலிருந்து அந்தத் துணிப்பையை இறக்கித் திறந்ததும் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இன்னாடி இது, ஊடு பூரா மளிகைக் கட நாத்தம்?" என்றாள். மிளகாய்த்தூள், சோப்பு, ஊதுபத்தி, காய்ந்துபோன பால் பாக்கெட் எல்லாம் சேர்ந்து அடிக்கிற வாசனை. வேறு எந்தப் பையிலும் இப்படி ஒரு வாசனை வராது. உன் அப்பா என் கையில் கொடுத்துவிட்டுப் போன நாளிலிருந்து அது பரண் மேலேதான் கிடந்தது. இன்றைக்குக் காலையில் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தேர்வை முடித்துவிட்டு வந்து, முகம் கழுவி, காப்பி குடித்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஆமாம், கடைசிச் செய்முறைத் தேர்வு முடிந்தது. கள்ளிக்குப்பத்தில் நாம் பயிற்சிக்குப் போன அதே பள்ளி, அதே இரண்டாம் வகுப்பு. அந்த வகுப்புப் பிள்ளை மோனிஷாவும் வந்திருந்தாள். நீ அடுத்து என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டுகூட நீ தினமும் கேட்டது அதைத்தானே? பதில் சொல்கிறேன். ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன். பாதியில் குறுக்கே பேசி, பேச்சை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகிற வேலையெல்லாம் இன்றைக்கு நடக்காது.

நம்மைச் சேர்த்து வைத்தது அகரவரிசை. வருகைப் பதிவேட்டில் என் பெயருக்குக் கீழே உன் பெயர். ஆசிரியர் பயிற்சியில் இரண்டாம் வருஷம், பள்ளிகளுக்கு இருவர் இருவராக அனுப்பியபோது என்னோடு உன்னைக் கோத்துவிட்டார்கள். எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, போ. நான் பட்டாபிராமில் ஏறி, பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் இடம் பிடித்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒழுங்காக வருகிறவள். நீ ஆவடியில் தலையைப் பின்னிக்கொண்டே ஏறுவாய். ரப்பர் பேண்டை வாயில் கடித்துக்கொண்டு "தள்ளுடி" என்பாய். அம்பத்தூர் வருவதற்குள் பின்னல், இட்லி, அன்றைக்கு நடத்த வேண்டிய பாடம் மூன்றும் முடிந்துவிடும். அம்பத்தூரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொள்வாய். பின்னால் இடம் இருந்தாலும் அங்கேதான் உட்காருவாய். கேட்டால், "காத்து வர்துடி" என்பாய்.

உன் அப்பாவுக்குத் தென்காசிப் பக்கம். ஆவடி தொழிற்சாலையில் வேலை கிடைத்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர். நீ பிறந்ததே ஆவடியில். ரயிலில் "இன்னா, எங்க கீற" என்று பேசுகிறவள், வீட்டு வாசற்படியைத் தாண்டினால் "எப்பா, சாப்ட்டியளா" என்பாய். முதல் தடவை உன் வீட்டுக்கு வந்தபோது நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். "ஊட்டுக்கு ஒண்ணு, ரோட்டுக்கு ஒண்ணு" என்று சிரித்தாய்.

நம் சண்டை பாடத்திட்டத்தில்தான் ஆரம்பித்தது. வெளியாள் யாருக்கும் இந்தச் சண்டை புரியாது. பாடத்திட்டப் பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரிக்க வேண்டும். இடது பக்கம் ஆசிரியர் என்ன செய்வார், வலது பக்கம் மாணவர் என்ன செய்வர். எல்லாரும் இடது பக்கத்தைத்தான் விழுந்து விழுந்து எழுதுவோம். ஆசிரியர் படத்தைக் காட்டுவார், கதை சொல்வார், கேள்வி கேட்பார், கரும்பலகையில் எழுதுவார். வலது பக்கத்துக்கு வரும்போது கை சோர்ந்துவிடும். "மாணவர் கவனிப்பர்." அடுத்த வரியில் "மாணவர் கூர்ந்து கவனிப்பர்." அதற்கும் கீழே "மாணவர் ஆர்வத்துடன் கவனிப்பர்." நம் வகுப்பில் இருந்த எல்லா நோட்டிலும் பிள்ளைகள் காலையிலிருந்து சாயங்காலம்வரை கவனித்துக்கொண்டே இருந்தார்கள். பாவம், கண்ணைச் சிமிட்டவும் வழியில்லை.

நீ ஒருத்திதான் வலது பக்கத்தை முதலில் எழுதினாய். அதுவும் என்ன எழுத்து! "மடிப்பார்கள். பிரிப்பார்கள். மோந்து பார்ப்பார்கள். சண்டை போடுவார்கள்." இடது பக்கம் பளிச்சென்று காலி. பயிற்சிப் பள்ளி மேடம் உன் நோட்டைத் தூக்கிப் பிடித்து எல்லாருக்கும் காட்டினார். "ஆசிரியர் பக்கம் காலியா இருக்கே, வகுப்புல நீ சும்மாவா நிக்கப் போற?" என்று கேட்டார். நீ கொஞ்சமும் அசராமல், "ஆமா மேடம், கொஞ்ச நேரம் சும்மாதான் நிக்கணும்" என்றாய். வகுப்பே கொல்லென்று சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. முழுக்கத் திருப்பி எழுதிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்.

நான் அந்த வாரம் ஒரு சொல்மரம் செய்திருந்தேன். தெர்மாகோலில் கிளை, பச்சைச் சார்ட்டில் இலை, ஒவ்வொரு இலையிலும் ஒரு சொல், ஓரமெல்லாம் ஜிகினா. ரயிலில் யாரும் இடித்துவிடக் கூடாது என்று கைக்குழந்தையைப்போல் பிடித்துக்கொண்டு வந்தேன். வகுப்பில் எட்டாத உயரத்தில் ஆணியில் மாட்டினேன். நீ அண்ணாந்து பார்த்தாய். "மரம் சூப்பரா கீதுடி. புள்ளைங்க கை இன்னா பண்ணும்?" என்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன் திட்டத்துல டீச்சர் கை இன்னா பண்ணும்? இடுப்புல வச்சிக்கினு நிக்குமா?" என்று நானும் திருப்பிக் கொடுத்தேன். அம்பத்தூர் ஸ்டேஷன்வரை பேசவில்லை. ஸ்டேஷனில் நீதான் சமோசா வாங்கி நீட்டினாய்.

அன்றைக்குப் பெஞ்சில் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டோம். உன் இடது பக்கத்தை நான் எழுதித் தருவது, என் வலது பக்கத்தை நீ எழுதித் தருவது. அதற்குப் பிறகு என் நோட்டில் வலது பக்கம் முழுக்க உன் கோழிக் கிறுக்கல்தான். உன் நோட்டில் இடது பக்கம் என் முத்து முத்தான எழுத்து. மேடத்துக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் விட்டுவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

இந்தப் பை அப்படிப் பிறந்ததுதான். வீட்டில் இருக்கிற காலிப் பாக்கெட் எதையாவது எடுத்துவரும்படி நீ பிள்ளைகளிடம் சொன்னாய். பால் பாக்கெட்டைக் கழுவாமல் கொண்டுவந்தார்கள். ஷாம்பு, ஊதுபத்தி, பிஸ்கட், ஓர் அப்பாவின் புகையிலைப் பாக்கெட்கூட வந்தது, நான் அதைச் சட்டென்று பிடுங்கி மறைத்தேன். மோனிஷா மட்டும் நிறைய மிளகாய்த்தூளோடு முழுப் பாக்கெட்டைக் கொண்டுவந்தாள். மத்தியானம் அவள் அம்மா வந்து கேட்டில் நின்று சத்தம் போட்டார். "படிக்க வையுங்கன்னு அனுப்புனா எங்கூட்ட காலி பண்ணச் சொல்றீங்களே டீச்சர்! கொழம்பு அடுப்புல கீது, மொளகாத்தூளக் குடுங்க!" நீ பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, "காலியானதும் கவர மட்டும் அனுப்பிடுங்கக்கா" என்று கேட்டாய் பார், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தக்கா அனுப்பியும் வைத்தார்.

பாக்கெட்டுகளை வைத்துப் பாடம் நடத்தியபோது எல்லாப் பிள்ளைகளும் படித்தார்கள். அதைக் காட்டினால் ஒரு பெயர், இதைக் காட்டினால் ஒரு பெயர், தப்பே இல்லை. நீ வகுப்பிலேயே ஓர் ஆட்டம் போட்டாய். எனக்குத்தான் சந்தேகம் பிடித்த புத்தி ஆயிற்றே. மறுநாள் அந்தப் பெயர்களையெல்லாம் வெள்ளைத்தாளில் கறுப்பு மையால் எழுதிக் காட்டினேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் படித்தது சிவப்பையும் மஞ்சளையும், பாக்கெட்டில் சிரித்த குழந்தையின் படத்தையும். ஆவடியில் இறங்கும்போது, "நல்லா ஏமாந்துட்டேன்டி" என்று மட்டும் சொன்னாய்.

ஆனால் மறுநாள் வந்து நின்றாயே, அது நீதான். நியூஸ் பேப்பரில் ஒரே மாதிரி மடித்த பொட்டலங்கள், ஒரு பை நிறைய. உள்ளே உப்பு, அவல், பொரி, கடலை, வெல்லம். வெளியே பெயர் எழுதி ஒட்டிய ஒரு சீட்டு. நிறமில்லை, படமில்லை, தொட்டுப் பார்க்கவும் கூடாது. படித்து எடுத்தால் வெல்லம், படிக்காமல் எடுத்தால் உப்பு. "இனிமே கலர் எப்பிடிக் காப்பாத்துதுன்னு பாக்குறேன்" என்றாய். அதற்குப் பெயர் பொட்டலக் கடை. இடது பக்கத்தில் நான் என்ன எழுதுவது என்று தெரியாமல் முழித்து, கடைசியில் "ஆசிரியர் கடை விரிப்பார், ஒதுங்கி நிற்பார்" என்று எழுதினேன்.

அந்தக் கடையில்தான் மோனிஷா மாட்டினாள். அதுவரை எல்லாரும் அவள் நன்றாகப் படிக்கிற பிள்ளை என்றே நினைத்திருந்தார்கள். பாடத்தைக் கணீரென்று ஒப்பிப்பாள். நீதான் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தாய். வாய் மூன்றாவது வரியில் இருந்தது, விரல் படத்திலிருந்த ஆட்டின் மேல் இருந்தது. முழுக்கக் காதால் பிடித்து வைத்திருந்தாள். கடையில் வெல்லம் என்று எண்ணி ஒரு பொட்டலத்தை எடுத்து வாயில் கொட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு ஓடித் துப்பினாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ஓடிப்போய் சீட்டைக் காட்டிச் சொல்லித்தர வேண்டும் என்று கை பரபரத்தது. நீ என் துப்பட்டாவைப் பிடித்து நிறுத்தினாய். மோனி திரும்பி வந்து பொட்டலங்களை முறைத்துப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் ரகசியமாக ஏதோ பேசினாள். அந்தப் பிள்ளை படித்து எடுத்துத் தந்தது, மோனி வெல்லத்தில் பாதியை உடைத்து அதற்குக் கொடுத்தாள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "யாவாரம் வந்துடுச்சுடி, படிப்புதான் வரல" என்றாய்.

அன்றிலிருந்து அவளைப் படிக்க வைப்பதுதான் உன் ஒரே கவலை. நீ எந்தத் திட்டம் போட்டாலும் அவள் ஒரு கமிஷன் ஏஜெண்டைப் பிடித்துவிடுவாள்.

மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த நாட்களில் உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கொசுவால் வருகிறது, ரத்தத்தில் அணுக்கள் குறைகின்றன என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் தனியாக வகுப்பைப் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் பள்ளி விடும் நேரத்துக்கு உன் குரல்பதிவு போனில் வரும். காய்ச்சலில் ரோட்டுப் பாஷை போய் வீட்டுப் பாஷைதான் மிச்சம் இருந்தது. "ஏட்டி, மோனி படிச்சாளா?" நான் "இன்னும் இல்ல" என்று அனுப்புவேன். "படிப்பா, படிப்பா, அவசரப்படாத" என்று வரும். ஒரு நாள் குரல் வரவில்லை. சாயங்காலம் உன் அப்பாதான் பேசினார்.

எனக்கு உன்மேல் கோபம் என்று சொன்னால் கேட்பதற்கு நன்றாக இருக்காது, ஆனால் அதுதான் நிஜம். இரண்டு பேர் சேர்ந்து போட்ட கடையை ஒருத்தி தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய். ஆவடியில் வண்டி நிற்கும்போது நான் இன்னும் தள்ளி உட்கார்ந்து இடம் விடுகிறேன். யாராவது வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தால் எரிச்சல் வருகிறது. அவர்கள் என்ன செய்வார்கள், டிக்கெட் எடுத்தவர்கள்.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து உன் அப்பா எங்கள் வீடு தேடி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. இந்தப் பையை நீட்டினார். "நீ வச்சிக்கிடும்மா. அவ இருந்தான்னா இதத் தூரப் போட விடமாட்டாள்லா" என்றார். அவர் தெருமுனை திரும்பும்வரை அம்மாவும் நானும் வாசலில் நின்றோம். அன்றைக்கு ரொம்ப அழுதேன். அம்மா சாப்பிடக் கூப்பிடவேயில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு என் பாடத்திட்டங்களில் வலது பக்கம் பழையபடி ஆகிவிட்டது. கவனிப்பர். கூர்ந்து கவனிப்பர். மேடமே ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு அப்படியே கையெழுத்துப் போட்டார். தேர்வு அறிவித்ததும் என்னைக் கூப்பிட்டு, "அந்தச் சொல்மரத்தையே எடுத்துட்டுப் போம்மா. பாக்க அழகா இருக்கும், வெளியிலிருந்து வர்றவங்களுக்குப் பிடிக்கும். ரிஸ்க் வேணாம்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். இந்த மதிப்பெண் போனால் இன்னொரு வருஷம் உட்கார வேண்டும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மரத்துக்குத்தான் திட்டம் எழுத உட்கார்ந்தேன். இடது பக்கம் கடகடவென்று முடிந்துவிட்டது. வலது பக்கத்தில் பேனாவை வைத்ததும் உன் கேள்வி வந்து நின்றது. மரத்தைப் பார்க்கிற நேரத்தில் மோனியின் கை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. மடியில் கிடக்கும். வாய் பின்பாட்டுப் பாடும், தேர்வாளர் அசந்துபோவார், நான் பாஸ், மோனி அப்படியே மூன்றாம் வகுப்புக்குப் போய்விடுவாள். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பரணில் ஏறினேன்.

பையை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். மோனி வாங்குகிறவளாக இருக்கும்வரை யாரையாவது பிடித்துப் படிக்க வைத்துவிடுவாள். அப்படியானால் அவளையே கடைக்காரி ஆக்கிவிட்டால்? பொட்டலம் அவள் மடிக்க வேண்டும், பெயர் அவள் எழுத வேண்டும், கேட்பவர்களுக்கு அவள்தான் பார்த்து எடுத்துத் தர வேண்டும். யாரிடம் கமிஷன் பேசுவாள்? முதல் வரியை வலது பக்கத்தில் எழுதினேன். "மோனிஷா ருசி பார்ப்பாள். சீட்டைப் பார்த்து எழுதுவாள்." இது உனக்குத் தோன்றவில்லை பார், எனக்குத்தான் தோன்றியது. கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்கிறேன், விடு.

இன்றைக்குக் காலையில் தேர்வாளர் வந்தார். வயதான அம்மா, கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மேடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மரத்தைக் காணோமே என்று என்னையே பார்த்தார். மோனியோடு இன்னும் சில பிள்ளைகளைக் கடைக்காரர்களாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார வைத்தேன். கிண்ணங்களில் சரக்கு, ஒவ்வொரு கிண்ணத்தின் மேலும் பெயர்ச்சீட்டு. அவ்வளவுதான், பிறகு ஒதுங்கி நின்றேன். சும்மா நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று நீ சொல்லவே இல்லையே! கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தேர்வாளர் ஏதோ குறித்துக்கொண்டார்.

மோனி ஒவ்வொரு கிண்ணத்திலும் விரலை விட்டு நக்கினாள். சீட்டைப் பார்த்தாள், நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினாள். பொட்டலங்கள் எல்லாம் கலந்து குவிந்ததும் கடை திறந்தது. ஒரு பிள்ளை வந்து அவல் கேட்டது. மோனி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பார்த்தாள். உதடு அசைந்தது. கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள், மறுபடி உதடு அசைந்தது. "இந்தா, அவல்" என்று கொடுத்தாள். பிரித்ததில் அவல்தான் இருந்தது. அவள் விரல் எழுத்தின் மேலேயே இருந்ததை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். அழுதுவிடக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குள் தேர்வாளர் எழுந்து கடைக்கே வந்துவிட்டார். "எனக்கும் ஒண்ணு குடும்மா" என்றார். "இன்னா வேணும்?" என்று கடைக்காரி கேட்டாள். "ஏதாவது ஒண்ணு." மோனிக்கு அது புரியவில்லை. கடையில் யார் அப்படிக் கேட்பார்கள்? கைக்கு வந்ததை நீட்டினாள். அவர் மேடத்திடம் ஏதோ பேசிக்கொண்டே பிரித்து, அப்படியே வாயில் கொட்டிக்கொண்டார்.

உப்பு.

முகம் போன போக்கைப் பார்த்து மேடம் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். அடுத்த வருஷமும் இதே ரயில்தான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். மோனி மட்டும் பயப்படவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "மேலயே எழுதிக்கீதே டீச்சர். படிக்க மாட்டீங்களா?" என்றாள்.

அந்த அம்மா இருமி முடித்து, வாயைக் கொப்பளித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கசங்கிய தாளை விரித்துச் சீட்டைப் பார்த்தார். "ஆமா, உப்புன்னுதான் எழுதியிருக்கு" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. மேடமும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, கண்ணீர்தான் வந்தது.

மதிப்பெண் என்ன வரும் என்று தெரியாது. உப்பு தின்றவர் எப்படிப் போடுவார் என்று யாருக்குத் தெரியும்? மீதிப் பொட்டலங்களையும் இந்தப் பையிலேயே போட்டு வைத்திருக்கிறேன், அம்மா திட்டினாலும் பரவாயில்லை. இனி எந்தப் பள்ளிக்குப் போனாலும் வலது பக்கத்தைத்தான் முதலில் எழுதுவேன், என் கையாலேயே. எழுத்து அழகாக இருக்கும், அதற்கு நீ கிண்டல் செய்யக் கூடாது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மோனி படிச்சாடி. படிக்காம வாயில போட்டவங்கள நிக்கவச்சுக் கேள்வியும் கேட்டா.